அது சீறல் இல்லைங்க, இழுப்பு!

"பாம்புக்கும் சளி பிடிக்கும்"னு சொன்னா சிரிக்காத ஆளைப் பார்க்கிறது கஷ்டம். எங்க கிளாஸ்ல நாலு பேர்கிட்ட சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு மூக்கு எங்கடா இருக்கு?", "விக்ஸ் எங்க மச்சி தடவுறது, உடம்பு பூராவுமா?" இப்படித்தான் பதில் வந்துச்சு. சிரிச்சு முடிச்சாச்சா? சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஊர்ல கூடையில பாம்பு வெச்சுக்கிட்டு சுத்துறவரும், சென்னை, பெங்களூர்ல கண்ணாடிப் பெட்டியில பாம்பு வெச்சிருக்கிறவரும் அதோட நுரையீரலை ஒரே மாதிரிதான் கெடுக்கிறாங்க. முதல் ஆளை வனத்துறை விரட்டுது. ரெண்டாவது ஆளுக்கு இன்ஸ்டாகிராம்ல ஹார்ட் விழுது. நாம ரெண்டு இடத்துலயும் நின்னு வேடிக்கை பார்த்துட்டு, "என்னமா சீறுது பாரு!"ன்னு வாயைப் பிளக்கிறோம்.

அது சீறலான்னு முதல்ல பார்ப்போம். பாம்பு பயந்துபோய், காத்தை உள்ள இழுத்து, உடம்பை உப்பிக்கிட்டு, வேணும்னே வேகமா வெளிய விடுறதுதான் சீறல். எதிர்ல ஆள் இல்லைனா சீறாது. சும்மா சுருண்டு கிடக்கும்போது, யாரும் தொடாதப்போ, ஒவ்வொரு மூச்சுக்கும் 'கிர்ர்... டிக்... கிர்ர்'னு சத்தம் வந்தா அதுக்குப் பேர் வேற. மார்கழி வந்தா எங்க பாட்டிக்கு வருமே இழுப்பு, அதுதான். நல்லா இருக்கிற பாம்பு மூச்சு விடுறது பக்கத்துல இருந்தாக்கூட கேட்காது. (அதுக்காக நல்ல பாம்புகிட்ட காதை வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க. அப்புறம் உங்க மூச்சு கேட்காது.)

பாம்போட உடம்பு அமைப்பு தெரிஞ்சாத்தான் இது எவ்வளவு பெரிய கொடுமைன்னு புரியும். நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உதரவிதானம்னு ஒரு தசை இருக்கு. மூச்சை இழுக்க, இரும, தும்ம எல்லாத்துக்கும் அது வேணும். பாம்புக்கு அது கிடையாது. விலா எலும்புகளை விரிச்சுச் சுருக்கித்தான் மூச்சு விடுது. நல்ல பாம்பு, சாரை மாதிரி பெரும்பாலான பாம்புகளுக்கு உருப்படியா வேலை செய்றது வலது நுரையீரல் ஒண்ணுதான். இடது பக்கம் பேருக்கு ஒரு துணுக்கு இருக்கும், இல்லைனா அதுவும் இருக்காது. மலைப்பாம்பு வகைக்கு ரெண்டும் உண்டு, இடது கொஞ்சம் சின்னது. அந்த நீளமான நுரையீரல்லயும் முன்பகுதிதான் ஆக்சிஜனை வாங்கும். பின்பகுதி வெறும் காத்துப் பை.

இப்ப அந்தக் குழாய்க்குள்ள சளி சேருதுன்னு வெச்சுக்கோங்க. நாம 'கக்'னு இருமித் துப்பிடுவோம். பாம்பால நம்மள மாதிரி இரும முடியாது. சளி அங்கேயே தேங்கி, கெட்டியாகி, சீழாகி நிக்கும். கடைசியில தலையையும் கழுத்தையும் மேல தூக்கி வெச்சுக்கும், வாயைத் திறந்து மூச்சு விடும். தேங்கினது கொஞ்சமாவது கீழே இறங்கினா காத்து போக வழி கிடைக்குமேன்னு. பார்க்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்? "சாமி தலையைத் தூக்கிப் பார்க்குது", "ஆசீர்வாதம் பண்ணுது". பத்து ரூபா போட்டுட்டு கன்னத்துல போட்டுக்கிறோம்.

இன்னொண்ணு. பாம்போட மூச்சுத் துளை வாயோட அடியில, நாக்கு வெளிய வர்ற இடத்துக்குச் சற்றுப் பின்னாடி, நல்லா முன்பக்கமாவே இருக்கு. பெரிய இரையை விழுங்கும்போது வாய் முழுக்க அடைச்சிருக்கும் இல்லையா, அப்ப இந்தத் துளையை வெளிப்பக்கமா நீட்டி மூச்சு விட்டுக்கும். எலி முழுங்குறதுக்கு அருமையான ஏற்பாடு. ஆனா அந்த வாய்க்குள்ள ஒருத்தர் பாலை ஊத்தினா என்ன ஆகும்? வயித்துக்குப் போறதுக்குப் பதிலா நேரா மூச்சுக்குழாய்க்குள்ள இறங்க முழு வாய்ப்பு இருக்கு. நுரையீரல்ல போன பால் அங்கயே கெட்டுப் போகும். அதுக்கு மேல நிமோனியா. பாம்புக்குப் பால் வார்த்த கதைன்னு பழமொழி சொல்லும்போது பால் வார்த்தவரைத்தான் பாவம்னு சொல்லுவோம். பாம்பைப் பத்தி யார் கவலைப்பட்டா!

"ஆனா குடிக்குதே, நானே பார்த்திருக்கேனே!" குடிக்கும். நாள் கணக்கா தண்ணி காட்டாம மூடி வெச்சுட்டு, நாக சதுர்த்தி அன்னிக்குக் கொண்டுவந்து பால் கிண்ணத்துல தலையை அழுத்தினா எது வெச்சாலும் குடிக்கும். தாகம்யா அது, பக்தி இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கிற சாதியே இல்லை பாம்பு, பாலைச் செரிக்கிற ஏற்பாடும் அதுக்குக் கிடையாது. ராம.நாராயணன் படத்துல பாம்பு பால் குடிச்சதுக்கு ஷூட்டிங் ஸ்பாட்ல என்ன பண்ணாங்களோ, நமக்கெதுக்கு.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை நடக்குது, அதைக் கூடையைத் திறக்கிறவர் சொல்ல மாட்டார். பல்லைப் பிடுங்குறது, சில சமயம் வாயைத் தைக்கிறது. பல்லு போன இடத்துல புண்ணு. புண்ணு சீழ் பிடிக்கும். வாய்ச் சீழ் பக்கத்துலயே இருக்கிற மூச்சுத் துளை வழியா நுரையீரலுக்கு இறங்கும். பாம்புகளுக்கு வர்ற மூச்சுக் கோளாறுல வாய்ப்புண்ணுல இருந்து ஆரம்பிக்கிறது ரொம்பப் பழக்கமான ஒரு வழி. வாய் தைச்ச பாம்பால அந்தக் கடைசி வழியா வாயைத் திறந்து மூச்சு விடவும் முடியாது. இதை எழுதும்போதே எனக்கு என்னமோ பண்ணுது, விடுங்க.

சரி, இது படிக்காதவங்க பண்ற வேலைன்னு நீங்க நினைச்சா, அடுத்த கோஷ்டிக்கு வருவோம். எல்லாம் நல்லாப் படிச்ச பசங்க.

இவங்க வளர்க்கிறதுக்குப் பேரு பால் பைதான். (அந்தப் பால் இல்லைங்க. பந்து. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் பேரு.) கானா, டோகோ, பெனின் பக்கம் மேற்கு ஆப்பிரிக்கால புல்வெளியில எலி வளைக்குள்ள இருக்கிற சாதுவான பாம்பு. கடிக்கிறது அபூர்வம், விஷம் கிடையாது, கலர் கலரா இனப்பெருக்கம் பண்ணி விக்கிறாங்க. நம்ம நாட்டுப் பாம்பு எதையும் வீட்ல வளர்க்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லைங்கிறதால இந்த வெளிநாட்டுச் சரக்குக்கு மவுசு. அது எப்படி இங்க வந்து சேருதுன்னு யாரும் கேக்கிறதில்லை. 2023 ஏப்ரல் 28-ம் தேதி கோலாலம்பூர்ல இருந்து சென்னை ஏர்போர்ட்ல இறங்கின ஒரு பயணியோட பெட்டிகளைத் திறந்தா 22 பாம்பு, கூட ஒரு பச்சோந்தி. டப்பா டப்பாவா பிளாஸ்டிக்ல அடைச்சு. சுங்கத்துறை ஆளுங்க கம்பியால ஒவ்வொண்ணா இழுத்த வீடியோவை நாம எல்லாரும் 'ஐயய்யோ'ன்னு ஃபார்வர்ட் பண்ணோம். விமானத்தோட சரக்கறையில, காத்து இல்லாத டப்பாவுல, தண்ணி இல்லாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வந்த ஜீவனுக்கு மூச்சுக் கோளாறு வரலைனாதான் ஆச்சரியம்.

சட்டம் பேசுறவங்களுக்கு ஒரு வரி. 2022-ல திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த சட்டப்படியும், 2024 பிப்ரவரியில வந்த விதிகள்படியும், இந்த மாதிரி சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்கிற உயிரை வெச்சிருந்தா பரிவேஷ் தளத்துல பதிவு பண்ணணும். குட்டி போட்டா, கை மாறினா, செத்தா எல்லாத்தையும் சொல்லணும். வாட்ஸ்அப்ல வித்தவன் காகிதம் கொடுத்தானான்னு கேட்டுப் பாருங்க, மௌனம்தான் வரும்.

இப்ப என் சப்ஜெக்ட்டுக்கு வர்றேன், காஸ்ட் அக்கவுண்டிங். பாம்பு வாங்குறவங்க கணக்குல ஒரே ஒரு வரிதான் இருக்கு, பாம்போட விலை. மாசத்துக்கு ரெண்டு மூணு எலி, சோறு மிச்சம்னு சந்தோஷம். வெப்பத்துக்கு ஹீட் மேட், அதைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட், ரெண்டு தெர்மாமீட்டர், ஈரப்பதம் பார்க்கிற மீட்டர், கரண்ட் போனா இன்வெர்ட்டர், வியாதி வந்தா சென்னை போக வர செலவு. இதெல்லாம் கணக்குலயே வராது. கூட்டிப் பார்த்தா பாம்பு விலையை விட அதிகம். வாங்கிட்டு மறுநாள் "தெர்மோஸ்டாட் கண்டிப்பா வேணுமா மச்சி?"ன்னு கேட்ட ஆளை எனக்கே தெரியும். வாடகை ரூம்ல, பிளாஸ்டிக் டப்பாவுல, ஈரத் துணி மேல வெச்சிருந்தான். டப்பா மூடியில நாலே நாலு ஓட்டை.

வெப்பம் ஏன் அவ்வளவு முக்கியம்? பாம்போட உடம்பு தானா சூடு உண்டாக்கிக்காது, வெளிச் சூட்டை வாங்கித்தான் எல்லா வேலையும் பார்க்கும். கிருமியோட சண்டை போடுறது உட்பட. பால் பைதானுக்குப் பெட்டியோட ஒரு முனை 31 - 33 டிகிரி, இன்னொரு முனை 25 - 27 டிகிரி இருக்கணும், அது தேவைக்குத் தகுந்த மாதிரி மாறி மாறிப் படுத்துக்கும். "திருவண்ணாமலை வெயிலுக்கு ஹீட்டரா?"ன்னு கேக்கிறவங்க மே மாசத்தை மட்டும் நினைக்கிறாங்க. தீபத்துக்கு மழை பெய்ஞ்சு ஓய்ஞ்சு மார்கழி பிறந்ததும் ராத்திரி நம்ம ஊர் 20 டிகிரியைத் தொடும். சிமெண்ட் தரையில டப்பா. குளிர் ஏற ஏற பாம்போட எதிர்ப்புச் சக்தி படுத்துக்கும். வாயில சும்மா குடியிருந்த பாக்டீரியா நுரையீரலுக்குக் குடிபோகும். அதுக்கு மேல ஈரம் சொட்டச் சொட்ட வெச்சா இன்னும் வேகம். ஈரப்பதம் ஒரு 60 சதவீதம் வேணும்னா அது காத்தோட்டத்தோட வேணும், புழுக்கம் வேற. கூடவே ரூம்ல கொசுவத்தி, சாம்பிராணி, சிகரெட். அந்த நுரையீரலை வெச்சுக்கிட்டு அது எதையெல்லாம்தான் தாங்கும்!

ஏற்கெனவே வெச்சிருக்கிறவங்களுக்கு இனி சொல்றேன், உங்களைத் திட்டி முடிச்சாச்சு. இன்னிக்கு ராத்திரி லைட்டை அணைச்சுட்டு பெட்டி பக்கத்துல சத்தம் போடாம அஞ்சு நிமிஷம் உட்காருங்க. விசில், களகள, டிக் டிக் ஏதாவது கேக்குதா? அப்புறம் லைட் போட்டு மூக்கு ஓட்டையைப் பாருங்க, குமிழி இருக்கா, காஞ்ச சளி ஒட்டியிருக்கா? வாயோரம் எச்சில் நூல் மாதிரி இழுக்குதா? தலையை மேல தூக்கியே வெச்சிருக்கா? தோல் உரிக்கப் போற சமயத்துல மூக்குல பழைய தோல் அடைச்சு லேசா விசில் வரலாம், உரிச்சதும் போயிடணும். சாப்பிட்டதும் தாடையைச் சரிபண்ண வாயைப் பெருசாத் திறந்து மூடும், அதுவும் வியாதி இல்லை. ஆனா எலியையும் தொடாம, சும்மா இருக்கும்போதே வாய் திறந்து மூச்சு விடுதுன்னா அது நேத்து வந்த வியாதி இல்லை. பாம்பு கடைசி வரைக்கும் காட்டிக்காது. உங்களுக்குத் தெரியும்போது ரொம்ப நாள் ஆகியிருக்கும்.

அன்னிக்கே செய்ய வேண்டியது, வெப்பத்தைச் சரியான அளவோட மேல் முனைக்குக் கொண்டுவாங்க, ராத்திரியும் இறங்க விடாதீங்க. ஈரமான படுக்கையை மாத்துங்க, சுத்தமான தண்ணி வைங்க, கையில எடுத்து விளையாடாதீங்க, எலியைத் திணிக்காதீங்க. வேற பாம்பு இருந்தா வேற ரூமுக்கு மாத்துங்க. இது வெறும் பாக்டீரியாவாத்தான் இருக்கணும்னு இல்லை. பால் பைதான்கள்ல கடுமையான மூச்சு நோயை உண்டாக்குற நிடோவைரஸ்னு ஒண்ணை 2014-ல கண்டுபிடிச்சாங்க, அந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, பக்கத்துப் பாம்புக்குப் பரவும். புதுசா வர்ற பாம்பை மூணு மாசம் தனியா வைக்கச் சொல்றது இதுக்குத்தான்.

அப்புறம் டாக்டர். ஆவி பிடிக்க வைக்கிறது, நீலகிரித் தைலம், மெடிக்கல் ஷாப்ல வாங்குன அமாக்சிசிலினைப் பொடி பண்ணி எலிக்குள்ள வைக்கிறது... இந்த வித்தையெல்லாம் வேண்டாம். செஃப்டாசிடைம்னு ஒரு ஊசி மருந்து இருக்கு. மனுஷனுக்கு ஒரே நாள்ல ரெண்டு மூணு தடவை போடுவாங்க, பாம்புக்கு மூணு நாளைக்கு ஒரு தடவை. அவ்வளவு மெதுவாத்தான் அது உடம்பை விட்டுப் போகும். நம்ம கணக்குல கொடுத்தா என்ன ஆகும்னு யோசிங்க. ஜென்டாமைசின் மாதிரி மருந்து தண்ணிச் சத்து இல்லாத பாம்போட கிட்னியையே காலி பண்ணிடும். மூச்சுக்குழாய்ல இருந்து மாதிரி எடுத்து, எந்தக் கிருமின்னு பார்த்து, எடை போட்டு, ஊசி போடணும். சாதாரணமா நம்ம பக்கத்து மருத்துவர்களுக்கு மாடும் ஆடும்தான் அத்துப்படி, அது அவங்க குத்தம் இல்லை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துக்குத்தான் போகணும். இங்கிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். பஸ்ல பையில வெச்சுக்கிட்டு போற யோசனையா?

"அவ்வளவு கஷ்டம்னா மலையில விட்டுடலாம்டா, பாம்புக்கு மலைதானே வீடு!" இதை என்கிட்ட ஒருத்தன் சீரியஸா சொன்னான். எனக்கு ரத்தம் கொதிச்சது இதுக்குத்தான். அமெரிக்காவுல ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துல செல்லப் பிராணி வியாபாரம் வழியா வந்த பர்மா மலைப்பாம்புகள் பரவிடுச்சுன்னு படிச்சிருப்பீங்க. அதைப் பிடிக்க 2017-ல நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும் அங்க போய்ட்டு வந்ததும் தெரிஞ்சிருக்கும், 2023-ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தாங்களே. ஆனா அந்த மலைப்பாம்புங்க தங்களோட நுரையீரல்ல ஆசியாவோட ஒட்டுண்ணி ஒண்ணையும் கொண்டுபோயிருந்துச்சு. இப்ப அது ஃப்ளோரிடா நாட்டுப் பாம்புகளோட நுரையீரலுக்குள்ள புகுந்து, சின்னச் சின்ன விரியன்களைக் கொன்னுக்கிட்டிருக்கு. அந்த ஊர்ப் பாம்புக்கு அதை எதிர்த்துப் பழக்கமே இல்லை. உன்னோட சளி பிடிச்ச ஆப்பிரிக்கப் பாம்பை அருணாசல மலைச் சரிவுல விட்டா, இங்க இருக்கிற சாரைக்கும் நல்ல பாம்புக்கும் என்ன போய்ச் சேரும்னு நீ கியாரண்டி தருவியா? விருபாட்ச குகையில இருந்தப்போ ரமணர் பாம்பை அடிக்க விட மாட்டார், அதுங்க இடத்துக்கு நாமதான் வந்திருக்கோம்ங்கிற மாதிரி சொல்லுவார்னு நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த இடத்தைத்தான் குப்பைத்தொட்டி ஆக்கப் பார்க்கிறான்.

கடைசியா ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. பாம்பாட்டியோட வயித்துப்பாட்டுக்கு என்ன வழி? பணக்காரப் பையனை விட்டுட்டு அவரை ஏன் திட்டுறேன்னு. ஒரு உதாரணம் இருக்கு. இருளர்களும் ஒரு காலத்துல பாம்புத் தோலை நம்பித்தான் பிழைச்சாங்க. 1972 சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை முடிச்சுது. 1978-ல கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சு, பிடிக்கிற பாம்போட விஷத்தை எடுத்து, அதுல இருந்து பாம்புக்கடிக்கு மருந்து தயாராக வழி பண்ணாங்க. வடநெம்மேலியில போய்ப் பாருங்க. மண் பானை, அடியில மணல், வாயில காத்து போற துணி கட்டி வெச்சிருப்பாங்க. சில வாரம் வெச்சுட்டு காட்டுலயே விட்டுடுவாங்க. பல்லைப் பிடுங்கினா விஷமே கிடைக்காது, அதனால பாம்பு நல்லா இருந்தாத்தான் அவங்க பிழைப்பு ஓடும். அதை அரசாங்கம் ஒரு சங்கத்துக்கு அனுமதிச்சது. கூடை தூக்குற குடும்பங்களுக்கு இத்தனை வருஷமா மாத்து வழி யோசிக்காம, பௌர்ணமிக்குப் பௌர்ணமி விரட்டி மட்டும் விடுறது என்ன நியாயம்னு நானும் கேக்கிறேன். பாம்பைப் பறிமுதல் பண்றவங்க அந்த ஆளையும் உட்கார வெச்சுப் பேசணும்.

அதுவரைக்கும் கிரிவலத்துல கூடை திறந்தா காசு போடாதீங்க. வாயோரம் தையல் தெரியுதான்னு பாருங்க, வனத்துறைக்கு ஒரு போன் போடுங்க. பால் பைதான் வாங்கியே தீருவேன்னு நிக்கிற என் கிளாஸ் நண்பனுக்கு மட்டும் ஒரு சவால். பாம்பு வாங்காதே, முதல்ல பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் வாங்கு. கார்த்திகையில இருந்து தை வரைக்கும் வெறும் பெட்டியை ஓட்டு. தினமும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து ரெண்டு முனையோட டிகிரியையும் நோட்டுல எழுது, கரண்ட் போன நாளையும் சேர்த்து. பொங்கல் லீவு முடிஞ்சு அந்த நோட்டைக் கொண்டா, நான் ஆடிட் பண்றேன்.